கசப்பு யாருக்குக் காவல்? பயிர்களின் பூச்சி எதிர்ப்பும் தாவர வேதிப்பொருள்களும்

செடி உயிர்வாழவும் விதை வைக்கவும் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு போன்றவை போதும். ஆனாலும் ஒவ்வொரு செடியும் அவற்றுக்கு அப்பால் ஏராளமான வேதிப்பொருள்களைத் தயாரித்துச் சேர்த்துவைக்கிறது. வேம்பின் கசப்பு, கடுகின் காரநெடி, புகையிலையின் நிக்கோட்டின், பருத்திக்கொட்டையின் காசிப்பால், இளஞ்சோளத்தின் சயனைடு எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் என்று பெயர். வெளியேற்ற வழியில்லாமல் இலையிலும் பட்டையிலும் செடி அடைத்துவைக்கும் கழிவு என்றே இவை நெடுங்காலம் கருதப்பட்டன. 1959இல் காட்ஃபிரைடு ஃபிரெங்கல் என்ற பூச்சியியலாளர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. பச்சை இலைகளின் ஊட்டச்சத்து செடிக்குச் செடி பெரிதாக வேறுபடுவதில்லை. எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தின்னும் என்பதை முடிவுசெய்பவை இந்தக் ‘கழிவு’களே என்று அவர் வாதிட்டார்.

அதற்கான சான்று அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1910இல் டச்சுத் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட், முட்டைக்கோஸைத் தின்னும் புழுக்களுக்கு அவை வழக்கமாகத் தொடாத இலைகளைக் கொடுத்தார். கடுகுக் குடும்பத்தின் காரப்பொருளைத் தடவிக் கொடுத்ததும் புழுக்கள் அந்த இலைகளையும் தின்றன. பிற பூச்சிகளை விரட்டும் பொருளே இந்தப் புழுவுக்குச் சாப்பாட்டு மணி. 1964இல் பால் எர்லிக்கும் பீட்டர் ரேவனும் வண்ணத்துப்பூச்சிகளையும் அவற்றின் உணவுச்செடிகளையும் ஒப்பிட்டு, செடி புதிய நஞ்சைக் கண்டெடுப்பதும் பூச்சி அதை முறியடிப்பதும் மாறி மாறி நடந்ததே இரு தரப்பின் பல்வகைமைக்கும் காரணம் என்று விளக்கினர்.

வேளாண்மைத் தரப்பில் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்காவின் கேன்சாஸைச் சேர்ந்த ரெஜினால்டு பெயின்டர். 1951இல் வெளிவந்த தம் நூலில் பயிரின் பூச்சி எதிர்ப்பை அவர் மூன்றாகப் பிரித்தார்: பூச்சி அந்தச் செடியை விரும்பாமல் ஒதுங்குவது, தின்ற பூச்சி வளராமல் நலிவது, தின்னப்பட்டாலும் செடி தாங்கி விளைச்சல் தருவது. முதல் இரண்டிலும் வேதிப்பொருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கை நஞ்சின் அளவை மட்டும் வைத்து அளக்க முடியாது. ஒரே பொருள் ஒரு பூச்சிக்குத் தடையாகவும் இன்னொன்றுக்கு அழைப்பாகவும் மனிதருக்குக் கேடாகவும் இருக்க முடியும். எந்தப் பூச்சிக்கு, செடியின் எந்தப் பாகத்தில், எந்த வயதில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கிறது. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது இதுதான்.

நஞ்சைச் சேமிக்கும் செடிக்கு முதல் சிக்கல், தானே அதற்குப் பலியாகாமல் இருப்பது. கடுகுக் குடும்பம் இதற்குக் கண்ட வழி நேர்த்தியானது. குளுகோசினோலேட் என்ற பொருளை ஒரு செல்லிலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியை வேறு செல்லிலும் அது வைத்திருக்கிறது. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. புழுவின் தாடை இலையைக் கடித்து நசுக்கும்போது இரண்டும் கலந்து, கண்ணைக் கரிக்கும் ஐசோதயோசயனேட் அந்த இடத்திலேயே உருவாகிறது. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் நெடி மூக்கில் ஏறுவதும், எண்ணெயில் தாளித்த கடுகில் அந்த நெடி இல்லாததும் இதனால்தான். சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடுகிறது.

சோளத்திலும் இதே ஏற்பாடு. துர்ரின் என்ற சர்க்கரைக் கூட்டுப்பொருள் செல்லின் நுண்குமிழ்ப்பைக்குள் கிடக்கிறது. இலை நசுங்கியதும் நொதி அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிய பயிரிலும், மறுதாம்பில் துளிர்த்த குருத்திலும் இது மிகுதி. அப்படிப்பட்ட கொல்லையில் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்பது மானாவாரி விவசாயிகளுக்குத் தெரிந்த பாடம். துர்ரின் உண்மையிலேயே பூச்சியைத் தடுக்கிறதா என்ற கேள்விக்குக் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2001இல் நேரடியான விடை கண்டனர். அதைத் தயாரிக்கும் மூன்று மரபணுக்களை, துர்ரின் அறவே இல்லாத அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கு மாற்றினார்கள். இலையைத் துளைக்கும் ஒரு தெள்ளு வண்டு அந்தச் செடியைத் தவிர்த்தது. ஆனால் சோளத்தை நாற்றிலேயே அழிக்கும் குருத்து ஈயின் கதை வேறு. துர்ரின் உச்சத்தில் இருக்கும் முதல் சில வாரங்களைத்தான் அது தன் தாக்குதலுக்குத் தேர்ந்துகொள்கிறது. தெள்ளு வண்டுக்குப் பிடிக்காத நஞ்சு குருத்து ஈக்கு ஒரு பொருட்டாக இல்லை.

இந்த இருமுகத்தை மிகத் தெளிவாகக் காட்டியது வெள்ளரி. வெள்ளரிச் செடியின் கசப்புக்குக் காரணம் குகர்பிட்டாசின். கசப்பை ஒற்றை மரபணு கட்டுப்படுத்துவதால், மற்ற எல்லாவற்றிலும் ஒத்து, கசப்பில் மட்டும் வேறுபடும் செடிகளை ஒப்பிட முடிந்தது. 1971இல் வெளியான முடிவின்படி, கசப்புள்ள செடிகளைச் சிலந்திப் பேன் அண்டவில்லை. வெள்ளரி வண்டுகளோ அவற்றைத்தான் நாடிவந்தன. கசப்பில்லாத செடிகளில் இது அப்படியே தலைகீழானது. குகர்பிட்டாசினைத் தேடித் தின்று உடலில் சேர்த்துக்கொள்ளும் இந்த வண்டுகள், அதன் மூலம் தங்கள் எதிரிகளுக்குக் கசப்பாகிவிடுகின்றன. ஆகவே கசப்பில்லாத வெள்ளரியை உருவாக்கியவர்கள் உண்பவருக்கு நல்லது செய்து, ஒரு பூச்சியை ஒழித்து, இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதே சரியான கணக்கு.

பருத்தியின் அனுபவம் இதைவிடப் பெரியது. பருத்திச் செடியின் இலை, தண்டு, காய், விதை எங்கும் சிறு கரும்புள்ளிகளாகத் தெரியும் சுரப்பிகளில் காசிப்பால் இருக்கிறது. அசைபோடும் மாடு இதை ஓரளவு தாங்கும். கோழி, பன்றி, மனிதர் ஆகியோருக்கு ஆகாது. விதையின் புரதத்தை உணவாக்கலாம் என்ற ஆசையில் 1950களின் இறுதியில் அமெரிக்காவில் சுரப்பியற்ற பருத்தி உருவாக்கப்பட்டது. வேதியியல் அளவில் அது வெற்றி. வயலில் நடந்ததோ வேறு: வழக்கமான பருத்திப் புழுக்களுக்கு அது இன்னும் ருசியானது, அதோடு, பருத்தியை ஏறெடுத்தும் பாராத கொப்புள வண்டு போன்றவையும் வந்து மேய்ந்தன. காசிப்பால் இத்தனை காலம் யாரையெல்லாம் வெளியே நிறுத்திவைத்திருந்தது என்பது அது இல்லாதபோதுதான் தெரிந்தது. இதற்குத் தீர்வு வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் குழுவினர் 2006இல் விதையில் மட்டும் காசிப்பால் உற்பத்தியை அடக்கினர். இலையிலும் காயிலும் அது வழக்கம்போல் இருந்தது. அமெரிக்க வேளாண் துறை இந்தப் பருத்திக்கு 2018இல் அனுமதி அளித்தது. நஞ்சைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பழைய சர்ச்சையைவிட, எங்கே வைப்பது என்ற கேள்வி பயனுள்ளது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பூச்சிகளும் சும்மா இருப்பதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வயல்களின் தீராத தலைவலியான வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, குடலில் உள்ள ஒரு நொதியால் குளுகோசினோலேட்டின் சல்பேட் பகுதியை முன்கூட்டியே வெட்டிவிடுகிறது. அதன்பின் மைரோசினேஸுக்கு உடைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு வேறு வழியைக் கையாள்கிறது. வினையை நடக்கவிட்டு, காரமான பொருளுக்குப் பதில் நைட்ரைல் உருவாகும்படி திசைதிருப்பிவிடுகிறது. பருத்திக் காய்ப்புழு காசிப்பாலைச் சிதைக்கத் தனி நொதியைச் சுரக்கிறது. 2007இல் சீன ஆய்வாளர்கள் அந்த நொதியின் மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வைச் செடியிலேயே உண்டாக்கிக் காட்டினர். அதைத் தின்ற புழுக்கள் காசிப்பாலைத் தாங்க முடியாமல் நலிந்தன.

மக்காச்சோளத்தின் வேதிக் காவலாளிக்கு டிம்போவா என்று பெயர். ஐரோப்பியத் தண்டுத்துளைப்பானுக்கு எதிர்ப்புத் தரும் பொருள் இதுவே என்பது 1960களில் உறுதியானது. இதன் சிறப்பும் குறையும் ஒன்றே: நாற்றில் நிறைந்திருக்கும், வயது ஏற ஏறக் குறையும். அதனால் குருத்திலையைத் தின்னும் முதல் தலைமுறைப் புழுக்கள் மடிகின்றன. பூக்கும் பருவத்தில் வரும் இரண்டாம் தலைமுறைக்கு அதே இரகம் விருந்தாகிறது. முதல் தலைமுறைக்கு எதிர்ப்பு, இரண்டாவதற்கு எதிர்ப்பு என்று இரண்டையும் தனித்தனிப் பண்புகளாகவே பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் தேட வேண்டியிருந்தது. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து, அந்த ஆண்டே தமிழ்நாட்டின் மக்காச்சோள வயல்களைச் சூறையாடிய படைப்புழுவுக்கோ டிம்போவா பெரிய தடையே அல்ல. செடியின் நொதியால் சர்க்கரையிலிருந்து பிரிந்த டிம்போவாவோடு தன் குடலில் மீண்டும் சர்க்கரையை இணைத்து, செடியின் நொதியால் இனிப் பிரிக்க முடியாத வடிவமாக அதை மாற்றிவிடுகிறது. வேரைத் தின்னும் மேற்கத்திய வேர்ப்புழு இன்னும் ஒரு படி மேலே போய், இந்தப் பொருள்களை வைத்தே சத்தான வேர்களைக் கண்டுபிடிக்கிறது.

நெல்லில் நிலைமை மாறுபட்டது. இங்கே பெரிய நஞ்சுகள் கிடையாது. சிறிய பொருள்களும் அவற்றின் இன்மையும் சேர்ந்து வேலை செய்கின்றன. தண்டுத்துளைப்பான் புழுவை நெல் தாளின் பக்கம் ஈர்க்கும் ஒரைசனோன் என்ற மணப்பொருளை ஜப்பானியர் 1950களின் இறுதியில் பிரித்தெடுத்தனர். எதிர்ப்புக்கு உலகெங்கும் பயன்பட்ட மூலங்களில் ஒன்று டி.கே.எம். 6, திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இரகம். அதில் உள்ள பென்டடெக்கனால் என்ற பொருள் அந்துப்பூச்சி முட்டையிடுவதையும், முட்டை பொரிவதையும், புழு வளர்வதையும் தடுக்கிறது. தமிழ்நாட்டில் நெடுநாள் கோலோச்சிய ஐ.ஆர். 20க்குத் தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணம் டி.கே.எம். 6 வழியாக வந்ததுதான்.

புகையானைப் பொறுத்தவரை கதை இன்னும் நுட்பமானது. தூரில் கூட்டமாக அமர்ந்து புளோயச் சாற்றை உறிஞ்சும் இந்தத் தத்துப்பூச்சி, முட்கோ என்ற இந்திய நெல்லில் அமர்ந்தாலும் சாறு உறிஞ்சாமல் பட்டினி கிடந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970இல் சோகாவாவும் பதக்கும் கண்டறிந்தபடி, அந்த இரகத்தில் பூச்சியின் பசியைத் தூண்டும் அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதாவது அங்கே எதிர்ப்பாக வேலை செய்தது ஒரு பொருளின் இன்மை. பின்னர் வந்த ஆய்வுகள் புளோயச் சாற்றில் ஷாஃப்டோசைடு போன்ற ஃபிளேவோன் சர்க்கரைகளும் உறிஞ்சுதலைத் தடுப்பதைக் காட்டின. முட்கோவின் எதிர்ப்பு மரபணுவைத் தாங்கி 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புதிய வகைப் புகையானிடம் தோற்றது. வேறொரு மரபணுவோடு 1976இல் ஐ.ஆர். 36 அந்த இடத்தைப் பிடித்தது. கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 மட்டும் பல வகைப் புகையானையும் தாங்கி நின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் சேர்ந்திருப்பதே காரணம்.

கொண்டைக்கடலையின் காவலைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலை, தண்டு, காய் எங்கும் உள்ள நுண்தூவிகளின் நுனியில் சுரக்கும் துளிகளில் மாலிக் அமிலமும் ஆக்ஸாலிக் அமிலமும் இருக்கின்றன. இரவில் வயல்மேல் மெல்லிய துணியை விரித்து, பனியில் ஊறிய அதை விடியலில் பிழிந்து புளிப்பு நீர் சேகரிக்கும் பழக்கம் இந்தியாவில் இருந்தது. அது மருந்துக்கும் சமையலுக்கும் பயன்பட்டது. பச்சைக் காய்ப்புழுவைத் தடுப்பது மாலிக் அமிலம் என்றே பலரும் நம்பினர். பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் 1990களில் செயற்கைத் தீவனத்தில் கலந்து சோதித்தபோது, புழுவின் வளர்ச்சியைக் குன்றவைத்தது ஆக்ஸாலிக் அமிலம்தான் என்று தெரிந்தது. ஒரு செடியில் ஒரு பொருள் மிகுதியாக இருப்பதையும், அந்தச் செடியைப் பூச்சி தவிர்ப்பதையும் பார்த்தவுடன் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடுவது இத்துறையின் பழைய வழுக்கல். பயறு வண்டைத் தாங்கும் டி.வி.யு. 2027 என்ற தட்டைப்பயறும் அப்படித்தான். அதன் எதிர்ப்புக்கு டிரிப்சின் தடுப்பான் காரணம் என்று 1979இல் சொல்லப்பட்டது. பின்னாளில் அதன் விசிலின் என்ற சேமிப்புப் புரதத்தின் மாறுபட்ட வடிவமே காரணம் என்ற முடிவு வலுப்பெற்றது. இதற்கிடையில் தட்டைப்பயறின் அந்தத் தடுப்பான் மரபணு 1987இல் புகையிலைக்குப் போய் அங்கே புழுவைக் கட்டுப்படுத்தியது என்பது தனிக் கதை.

தாக்கப்பட்ட பிறகு தயாராகும் காப்பும் உண்டு. 1972இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிரீனும் கிளாரன்ஸ் ரயனும், உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் ஒரு இலையை வண்டு கடித்தால் கடிபடாத இலைகளிலும் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் பெருகுவதைக் கண்டனர். செய்தியைக் கொண்டுசெல்லும் சிஸ்டமின் என்ற சிறு புரதம் 1991இல் அடையாளம் காணப்பட்டது. ஜாஸ்மோனிக் அமிலம் அந்தத் தொடரின் மையக்கண்ணி. எப்போதும் நஞ்சைச் சுமப்பதைவிடத் தேவைப்படும்போது செய்துகொள்வது செடிக்குச் சிக்கனம். ஆனால் அது தயாராகும்வரை புழு தின்றுகொண்டுதான் இருக்கும்.

இதே தூண்டலில் செடி வெளியிடும் மணமும் பயிர்க்காப்பில் சேர்கிறது. மக்காச்சோள இலையை வெறுமனே கீறுவதைவிட, கீறிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால் அதிக மணம் எழுகிறது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணிக் குளவி புழுவைத் தேடி வருகிறது. 1990இல் டர்லிங்ஸும் தோழர்களும் காட்டியது இது. மண்ணுக்கடியிலும் இது நடக்கிறது. வேர்ப்புழு கடித்த மக்காச்சோள வேர், பீட்டா கேரியோஃபிலின் என்ற பொருளை வெளிவிட்டு, புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை வரவழைக்கிறது. ஐரோப்பிய இரகங்களிலும் காட்டு மூதாதையான டியோசின்டேயிலும் இது உண்டு. வட அமெரிக்க இரகங்களில் பெரும்பாலானவை இதை இழந்துவிட்டன என்று 2005இல் தெரியவந்தது. விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் வேரின் மணம் போனதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை. ஓரிகானோச் செடியின் மரபணுவால் இதைத் திருப்பித் தந்தபோது வேர்ச்சேதம் குறைந்தது. எல்லா முயற்சியும் இப்படி முடிவதில்லை. அசுவினிகள் ஆபத்தில் எழுப்பும் எச்சரிக்கை மணத்தையே வெளியிடும் கோதுமையை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வகம் உருவாக்கியது. ஆய்வுக்கூடத்தில் அசுவினிகள் விலகி ஓடின, 2012, 2013 வயல் சோதனைகளில் எந்தப் பயனும் தெரியவில்லை.

வேதிக் காப்பின் செலவை வேறு யாராவது கொடுக்க நேர்வதும் உண்டு. தக்காளியின் டொமாட்டினைத் தின்ற காய்ப்புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவி, புழுவைவிட அதிகம் பாதிக்கப்படுவதை 1979 ஆய்வு காட்டியது. பயிரின் நண்பனே பயிரின் நஞ்சால் சாகிறான். காட்டுத் தக்காளி ஒன்றின் சுரப்பித் தூவிகளில் உள்ள 2-டிரைடெக்கனோன் புழுக்களைக் கொல்லும் வலுவுள்ளது. ஆனால் அதைச் சிறிதளவு தின்று பிழைத்த புழுக்களுக்குக் கார்பரில் பூச்சிக்கொல்லியையும் தாங்கும் திறன் கூடிவிடுகிறது. இரண்டையும் சிதைக்கும் நொதிகள் ஒன்றாகவே விழித்துக்கொள்கின்றன. எதிர்ப்பு இரகத்தையும் மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

மனிதருக்கு நேர்ந்ததில் பெயர்போனது லெனாப்பே உருளைக்கிழங்கு. சிப்ஸுக்கு ஏற்றதென 1967இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட இந்த இரகத்தின் பரம்பரையில் சொலானம் சகோயென்ஸ் என்ற காட்டு இனம் இருந்தது. கிழங்கில் சொலனின் வகை ஆல்கலாய்டுகள், 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு வரம்பைத் தாண்டின. உண்டவருக்குக் குமட்டல் வந்தது; 1970இல் இரகம் திரும்பப் பெறப்பட்டது. அதே காட்டு இனத்தின் சில வகைகளில் லெப்டின் என்ற ஆல்கலாய்டு உண்டு. கொலராடோ வண்டை விரட்டும் அது இலையில் மட்டும் உருவாகிறது, கிழங்கில் இல்லை. ஒரே காட்டுச் செடி ஒரு பக்கம் விபத்தையும் மறுபக்கம் வழியையும் காட்டுகிறது. மரவள்ளியில் இதற்கு நேர்மாறான சமரசம்: ஆப்பிரிக்காவிலும் அமேசான் பகுதியிலும் பலர் சயனைடு மிகுந்த கசப்பு இரகங்களையே விரும்பிப் பயிரிட்டு, ஊறவைத்தும் அரைத்துப் பிழிந்தும் நஞ்சை நீக்கி உண்கிறார்கள். செடிக்குக் காவல் கிடைக்கிறது, வீட்டுக்கு வேலை கூடுகிறது.

பயிருக்குள் வைக்க முடியாத வேதியியலை வயலில் வைக்கலாம். முட்டைக்கோஸ் 25 வரிசைக்கு இடையே இரட்டை வரிசைக் கடுகு விதைக்கும் முறையைப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்தது. வைரமுதுகுப் பூச்சி கடுகின் நெடிக்கு மயங்கி அங்கே போய் முட்டையிடும், மருந்தைக் கடுகுக்கு மட்டும் அடித்தால் போதும். கென்யாவில் ஜியாவுர் கானும் ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்களும் உருவாக்கிய முறையில், மக்காச்சோளத்துக்கு இடையில் தண்டுத்துளைப்பானை விரட்டும் டெஸ்மோடியம், வரப்போரத்தில் அதை ஈர்க்கும் நேப்பியர் புல். அங்கே சோதிக்கப்பட்ட வெல்லப்பாகு மணமுள்ள புல் ஒன்று, கடிபடாமலே ஆபத்து மணத்தை வெளியிட்டு ஒட்டுண்ணிக் குளவிகளை அழைப்பதும் தெரிந்தது. வேம்பின் அசாடிராக்டின் வேறொரு செடியின் வேதியியலைத் தெளித்துக் கடன் வாங்கும் வழி. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் குழுவினர் 1962இல் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை என்று காட்டியதிலிருந்து அதன் நவீன வரலாறு தொடங்குகிறது.

விவசாயி தினமும் செய்யும் வேலைகளும் இந்த வேதியியலைக் கலைக்கின்றன. தழைச்சத்தை அள்ளிக் கொட்டிய நெல்லில் சாற்றின் அமினோ அமிலங்கள் பெருகுகின்றன, பயிர் தளதளவென்று வளர்கிறது; புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் முதலில் அங்கேதான் இறங்குகின்றன. எதிர்ப்பு இரகம் என்று வாங்கிய விதை, யூரியா மிஞ்சிய வயலில் எதிர்ப்பைப் பாதி இழந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்றைய நெல் ஆராய்ச்சி, ஒற்றை மரபணுவை நம்பாமல் பல எதிர்ப்பு மரபணுக்களை ஒரே இரகத்தில் அடுக்குவதையும், தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுவதையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது.